அக்காவின் இடது பக்கம்

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது, படம் எடுப்பது நான்தான் என்பது யாரும் கேட்காமலே முடிவாகிவிட்டது. நான் கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில் கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். தாய்மாமனே படம் எடுக்கிறார் என்று மருமகளுக்கு அதில் ஒரு பெருமை. அக்காவுக்குத்தான் பயமாக இருந்தது.

அக்கா தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கொழுந்துக் கூடையில்லாமல்கூட அவளைப் பார்க்கலாம், வாயில் வெற்றிலையில்லாமல் பார்க்க முடியாது. உள் கன்னத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. நானே கடையிலிருந்து இரண்டு தடவை களிம்பு வாங்கி அனுப்பினேன். கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இடது தாடையில் பாதியை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து தோலையும் சதையையும் கொண்டுவந்து கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதையும் கடைத்தெருவுக்கு இறங்குவதையும் விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளும் முந்தானை மூக்குவரை ஏறியிருக்கும். பேச்சு வழுக்கும், பழகியவர்களுக்குத்தான் புரியும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு போயிருந்தேன். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"தம்பி, என்னைய எடுக்காத."

"பொண்ணுக்கு அம்மா இல்லாம எப்படிக்கா?"

"எடுக்கத்தான் வேணும்னா தூரமா நின்னு எடு. மூஞ்சிகிட்ட கொண்டாராத."

அந்த வார்த்தையோடுதான் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கிற கடைக்குப் போனேன். கூட்டப் படங்களுக்கு என்னிடம் இருந்த பழைய லென்ஸ் போதும். முகங்களுக்கு நல்லதாக ஒன்று வேண்டும். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, கண்ணாடி மேசையில் இரண்டு சூம் லென்ஸை எடுத்து வைத்தார். இரண்டில் ஒன்றுக்குத்தான் என்னிடம் காசு இருந்தது. ஒன்று குட்டை, இருபத்துநாலிலிருந்து எழுபது மில்லிமீட்டர்வரை போவது. அதில் ஒரு முகம் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குப் போய்விட வேண்டும். மற்றது எழுபதிலிருந்து இருநூறு. முழங்கை நீளம், கல்லுக் கனம். அறையின் அந்தக் கோடியில் நின்றும் முகத்தைப் பிடிக்கலாம்.

"ரெண்டையும் போட்டுப் பாருங்க தம்பி, நான் இரிக்கிறேன்" என்று நானா கதிரையை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குட்டை லென்ஸில் கிட்டப் போய் எடுத்தேன். மூக்கும் பக்கத்துக் கன்னமும் துருத்திக்கொண்டு வந்தன, காது சின்னதாகப் பின்னால் போய்விட்டது. தெருவின் அந்தப் பக்கம் போய் நெட்டை லென்ஸில் எடுத்தேன். முகம் சமனாகி, பின்னால் இருந்த கடைப் பொருட்களெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிட்டன.

"இதுல மாப்புள மாதிரி ஈக்கிறேனே" என்று நானா சிரித்தார். பிறகு கேட்டார். "கல்யாண ஹோல் பெருசா?"

"தோட்டத்துப் பக்கம் நானா. சின்னதுதான்."

"அப்ப யோசிங்க. இதுக்குப் பின்னுக்குப் போக இடம் வேணும். அங்க நிக்கிற ஆளோட மெதுவாப் பேச ஏலாது."

நான் யோசிக்கவில்லை. கிட்டப் போனால் அக்காவின் குழிந்த பக்கம் இன்னும் குழியும். தூரத்திலிருந்து வலது பக்கமாக எடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அக்கா சொன்னதும் அதைத்தான். நெட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து மழை. ஹோலுக்குத் தகரக் கூரை. ஸ்பீக்கரில் நாதஸ்வரம், அதற்கு மேல் மழைச் சத்தம். தாலி கட்டி முடிந்ததும் மருமகள் மாலையோடு என்னிடம் வந்தாள்.

"மாமா, அம்மாவும் நானும் மட்டும் ஒண்ணு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவளே போய் அக்காவைக் கையைப் பிடித்து எழுப்பி ஜன்னல் பக்கம் கூட்டிவந்தாள். அக்கா முந்தானையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். நான் சாப்பாட்டு மேசைகள் போட்டிருந்த மற்றக் கோடிக்குப் போய் நின்றேன். எங்களுக்கு நடுவில் ஆறேழு வரிசைக் கதிரை, அதில் மாப்பிள்ளை வீட்டார். அவர்களில் பலருக்கு அக்காவின் வருத்தமும் ஆபரேஷனும் தெரியாது.

லென்ஸில் பார்த்தேன். அக்கா பக்கம் மாறி நின்றிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முழுதும் இடது கன்னத்தில் விழுந்து, தையல் தடம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கையால் சாடை காட்டினேன். புரியவில்லை. மருமகளும் என்ன என்பதுபோல் பார்த்தாள். யாரோ குறுக்கே போனார்கள். எனக்குப் பொறுமை போயிற்று.

"அக்கா! அந்தப் பக்கம் தெரியுது! இடது பக்கத்த மறை! மறைக்கா!"

மழையையும் மேளத்தையும் தாண்டிக் கேட்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கதிரைகளில் இருந்தவர்கள் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம், நான் கை காட்டிய பக்கம் பார்த்தார்கள். எல்லோரும்.

நான் இன்னும் லென்ஸில்தான் கண்ணை வைத்திருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் கண் எனக்குக் கைக்கெட்டும் கிட்டத்தில் தெரிந்தது. அது ஒவ்வொரு வரிசையாக ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்து கீழே தாழ்ந்தது. நான் பட்டனை அழுத்தவில்லை. அவள் முந்தானையை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு, மகளின் கையை எடுத்துவிட்டு, பக்கக் கதவால் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

"ஏன் மாமா கத்துனீங்க?" என்று மருமகள் கேட்டாள். அவள் கண்மை கரைந்திருந்ததால் அதற்குப் பிறகு எடுத்த படங்களும் சரியாக வரவில்லை.

கூட்டம் குறைந்ததும் பின்பக்கம் போனேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன்."

"நீ என்னா பண்ணுவ. நான்தானே தூரமா நிக்கச் சொன்னேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆல்பத்தில் அக்கா நாலு படத்தில் இருக்கிறாள், நாலிலும் முந்தானைதான்.

அடுத்த வருடம் கழுத்தில் கட்டி வந்தது. கிளினிக்கில் பார்த்துவிட்டு, இனி வெட்டுவதில் பயனில்லை, வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்கள். அந்த மருந்தின் பேரைச் சீட்டில் பார்த்ததும், இனி அதிக நாள் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. சில வாரம் கழித்து மருமகள் எனக்குப் போன் எடுத்தாள். "அம்மா உங்கள கமராவோட வரச் சொல்லுது மாமா."

இந்தத் தடவை குட்டை லென்ஸைக் கேட்டேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் விசாரிக்காமல் துடைத்துக் கொடுத்தார்.

காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அக்கா தலை சீவி, கல்யாணத்துக்குக் கட்டிய சேலையிலேயே வாசல் கதிரையில் இருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது. நான் தூரமாக முற்றத்திலேயே நின்றேன்.

"கிட்ட வா" என்றாள்.

எதிரே முக்காலி போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். "வலது பக்கம் தெரியிற மாதிரி கொஞ்சம் திரும்புக்கா."

"வேணாம். அப்படியே எடு."

எடுத்தேன். வெளிச்சம் இடது பக்கமே விழுந்தது. நான் பயந்த மாதிரியே கன்னம் குழிந்து, கழுத்துக் கட்டி பெரிதாகி வந்திருந்தது. கமராவின் பின்பக்கம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் இருக்கேனா" என்றாள். பிறகு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு." களைத்துவிட்டாள். மருமகளும் நானும் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம்.

அதற்கடுத்த மாதம் அவள் போய்விட்டாள். செத்த வீட்டில் வைக்க அந்தப் படத்தைக் கொடுத்தேன். மருமகள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அக்காவுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

சில மாதம் கழித்து மருமகளே போனில் பேசினாள். "மாமா, நீங்க அனுப்புன அம்மா படத்த போன்ல அழிச்சிட்டேன். கோவிச்சுக்காதீங்க. அதப் பாத்தா ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருது."

"பரவாயில்ல புள்ள."

"உங்ககிட்ட இருக்குதானே?"

"இருக்கு."

"இருக்கட்டும். யாருக்கும் காட்டாதீங்க."

சரி என்றேன். இன்றுவரை காட்டவில்லை.