மீனைத் தூக்கிய மரியநாதன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு உங்களுக்கு அனுப்பும் அன்றைய காலைச் செய்தியைப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். தென்கிழக்குக் காற்று, முகத்துவாரத்தில் அலை நான்கடி, வடக்குப் பக்கம் மணல் ஏறியிருக்கிறது என்று எழுதிவிட்டு ஒருமுறை படித்துக்கொண்டிருக்கும்போது, கதிர்காமம் மருத்துவமனையிலிருந்து மரியநாதன் அண்ணனின் மனைவி ரோஸி அக்கா கூப்பிட்டார். "தனம், அண்ணன் பூட்டாரும்மா" என்றார். பத்து நாளாக மூச்சுத் திணறலோடு படுத்திருந்தவர்தான். போனை வைத்ததும், அலை நான்கடியா மூன்றடியா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் செய்தியை அனுப்பினேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் அனுப்பியிருந்தால் மரி அண்ணன் அந்தப் படுக்கையிலிருந்தே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

படகுக்காரர்களாகிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அடக்கத்துக்கும் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது, எங்கள் குருசுக்குப்பத்துக்காரர் ஒருவர் பழைய கதையை எடுத்தார். "நடுக்கடல்ல முப்பது ஃபைபர் போட்டு சுத்தி நிக்கிது. நம்ம மரி கப்பித்தேன் மைக்க புடிச்சினு, 'மீனைத் தூக்குறேன், வழி உடுங்க'ன்றாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனுஷன், அந்த ஒருநாள்தான் கோட்டை விட்டுவிட்டார் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் சிரித்தேன், நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து, போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தேன். ஏனென்றால் கோட்டை விட்டது அவர் இல்லை, நான். அந்த ஒருநாளால் அவருடைய தொழில் போயிற்று, என் தொழில் நிலைத்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இதை அனுப்பிய பிறகு நாளைக் காலை என் செய்தியை யாராவது நம்பிக் கடலுக்குப் போவார்களா என்ற பயமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மரியநாதன் முப்பது வருஷம் ரீயூனியன் தீவில் படகு எஞ்சின்களோடு குடித்தனம் நடத்திவிட்டு ஊருக்கு வந்தவர். வெளியூரிலிருந்து வரும் சொகுசுப் படகுகளை நம் முகத்துவாரத்தின் மணல்மேடு தட்டாமல் உள்ளே கூட்டி வருவது அவர் வேலை. அதில் அவருக்குச் செல்லம், ட்ராலர் மாடல் படகுகள்தான். பார்க்க மீன்பிடி ட்ராலர் மாதிரியே தூக்கின மூக்கும் உயர்ந்த ஓட்டுநர் அறையும் இருக்கும். உள்ளே போனால் கட்டில், அடுப்பு, குளியலறை. வலை இருக்காது. ஒற்றை டீசல் எஞ்சின், மணிக்கு ஏழு மைலுக்கு மேல் போகாது. வேகப் படகுக்காரர்கள் கிண்டல் செய்தால், "எனுக்கு வேகம் வாணாம்ப்பா, வூடு வந்து சேந்தா போதும்" என்பார்.

இவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருமுறை கட்டிப் போட்டிருந்த படகொன்றில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சின் நடுவே நாலு தடவை எழுந்து எஞ்சின் அறைக்குப் போனார். என்ன அண்ணே என்றால், படகைத் தள்ளும் விசிறியின் தண்டு அடியில் வெளியே போகிற இடத்தில் நிமிஷத்துக்கு ரெண்டு சொட்டுத் தண்ணீர் விழ வேண்டும், இப்போது மூன்று விழுகிறது என்றார். மூன்று சொட்டுக்காக ஒரு டீயை ஆற விட்டவர். அவசரப்பட்டு ஏதாவது பேசினால், "துஸ்மோன், தனம், துஸ்மோன்" என்பார். பிரெஞ்சில் மெதுவா, மெதுவா என்று அர்த்தம். அதை அவர் சொல்கிற வேகத்துக்கு எனக்குச் சிரிப்பு வரும்.

இந்தக் காலைச் செய்தியை நான் தொடங்கியதே அவர் சொல்லித்தான். காற்று, அலை, மணல், எந்தப் படகு வருகிறது, எது போகிறது என்பதைத் தமிழில் எழுதிப் போனில் அனுப்பினால், ஃபைபர் போட்டுக்காரனிலிருந்து பெரிய படகு வைத்திருப்பவர் வரை படிப்பார்கள் என்றார். தினமும் சாயங்காலம் அவர் விவரம் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். கடைசியில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "இத்த படிச்சிட்டு ஒருத்தன் கடலுக்குப் போறான், பாத்துக்க."

ஏழு வருஷத்துக்கு முன் மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ட்ராலர்கள் கரையில் கிடக்க வேண்டும், சின்ன ஃபைபர் போட்டுகள் மட்டும் போகலாம். ட்ராலர் ஒன்று திருட்டுத்தனமாகப் போனால் கூட ஊரே கொதிக்கும். கொச்சியிலிருந்து கிளம்பிய ஒரு வயதான டாக்டரும் அவர் மனைவியும் தங்கள் படகில் கரையோரமாகவே வந்துகொண்டிருந்தார்கள். மரி அண்ணன் காரைக்காலில் ஏறிக்கொண்டார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு வர்றோம். ட்ராலர் மாடல் பயணப் படகுன்னு எழுது. மாடல்னு சேத்து எழுது தனம்."

நான் எழுதினேன். எழுதிப் பார்த்தபோது வரி நீளமாக இருந்தது. போனில் இரண்டு வரியாக மடங்கியது, கண்ணுக்கு நன்றாக இல்லை. மாடலையும் பயணத்தையும் எடுத்துவிட்டேன். 'இன்று மாலை நான்கு மணிக்கு ட்ராலர் படகு ஒன்று நம் துறைமுகத்துக்குள் வருகிறது.' மீன்காரி வயிற்றில் பிறந்தவள் நான், தடைக்காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வரி அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்கு என் தம்பி சேகர் கடலிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, நீ போட்ட ட்ராலரு வந்துனுகீது. ரெண்டு பக்கமும் கம்பு விரிச்சினு, ஒயர தண்ணில உட்டு இழுத்துனு வர்றான். முப்பது போட்டு வந்துருக்கோம், உட மாட்டோம்." அந்தக் கம்புகள் எதற்கென்று எனக்குத் தெரியும். மெதுவாகப் போகிற படகு அலையில் உருளாமல் இருக்க, இரண்டு பக்கமும் கம்பை நீட்டி, நுனியிலிருந்து ஒயரில் சிறகு வைத்த இரும்புத் தகட்டைத் தண்ணீருக்குள் தொங்க விடுவார்கள். படகுக்காரர்கள் அந்தத் தகட்டை மீன் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வலை இழுப்பது போலவேதான் இருக்கும். அது ட்ராலர் இல்லை என்று சேகரிடம் கத்தினேன். அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான், திரும்பக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்துத் துறைமுகம் போய் அலைத் தடுப்புக் கற்கள் மேல் ஏறி நின்றேன். நடுவில் வெள்ளைப் படகு, சுற்றி ஃபைபர் போட்டுகள். கடல்காற்று ஏறிவிட்டது, மணல்மேட்டில் அலை உடையத் தொடங்கியிருந்தது. நாலேகால் மணிக்கு மேல் தண்ணீர் இறங்கும் என்று காலையில் நானே எழுதியிருந்தேன். மரி அண்ணன் படகிலிருந்து போனில் கூப்பிட்டார். ஹலோ கூட இல்லை.

"தனம், என்னா எழுதுன?"

"மாடல உட்டுட்டேன் அண்ணே."

"சரி. தண்ணி எறங்குது. போன வையி."

அதற்குப் பிறகுதான் மைக்கில் அந்த அறிவிப்பு. பதற்றத்தில் அவருக்குத் தொழில் வார்த்தைதான் வாயில் வந்தது. "மீனைத் தூக்குறேன், வழி உடுங்க!" தடைக்காலத்தில், ட்ராலர் என்று நினைத்து வந்தவர்களிடம் சொல்லக் கூடிய வாக்கியமா அது? கூச்சல் கரை வரைக்கும் கேட்டது. நாலைந்து பேர் ஒயரைப் பிடித்து இழுத்தார்கள். வலையை எதிர்பார்த்து இழுத்தவர்கள் கையில் சிறகு வைத்த இரும்புத் தகடு ஒன்று வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். வழியும் விட்டார்கள். ஆனால் அதற்குள் மணி ஐந்தாகி, மணல்மேட்டில் தண்ணீர் இறங்கியிருந்தது.

வெளியே நிற்க முடியாது, காற்று ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே வந்தார். மணல்மேட்டில் படகு இரண்டு முறை தட்டியது. சத்தம் கேட்டேனா, இல்லை பார்த்ததே சத்தமாகத் தோன்றியதா, இன்றைக்கும் தெரியவில்லை. சுக்கான் வளைந்தது. டாக்டரின் மனைவி சமையலறைப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்த அம்மாவைத் தூக்கி வரும்போது நான் நாலடி தள்ளித்தான் நின்றேன்.

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் விசாரித்தார்கள். ஃபைபர் போட்டுகள் ஏன் திரண்டன என்று கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். மரி அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "கம்ப விரிச்சினு வந்தது என் தப்பு. கரை தெரியும்போதே மடக்கிருக்கணும். அதுக்கு மேல மைக்ல ஒளறிட்டேன்" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு காலைச் செய்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அதில் ட்ராலர் என்று இருந்ததும் அவர் சொன்னபடிதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் வேண்டுமென்றேதான் சிரிக்க வைத்தார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு எந்தப் படகுக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. உள்ளே கூட்டி வர வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். அவர் துறைமுகக் கொட்டகையில் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் படகு ஏதாவது முகத்துவாரத்தில் நுழைந்தால் கையில் இருக்கும் ஸ்பேனரோடு எழுந்து நின்று, அது மணல்மேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் எனக்குப் போன் செய்வதை மட்டும் நிறுத்தவில்லை. காற்று, அலை, மணல், பிறகு அந்த ஒரு வாக்கியம். அதைச் சொல்லும்போது ஒருநாளாவது குரலில் ஒரு குத்தல் இருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். இருக்காது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஏழு வருஷம். ஞாயிற்றுக்கிழமை மரி அண்ணனும் ரோஸி அக்காவும் பூசை முடிந்து வந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போவேன். என் தப்பைத் துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று இன்றைக்காவது அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். ரோஸி அக்கா மீன் குழம்பு ஊற்றுவார், பேச்சு எங்கெங்கோ போகும், சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். குப்பத்துக்காரர்கள் என் செய்தியை நம்ப மாட்டார்கள், சேகர் முகத்தில் விழிக்க முடியாது என்று ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

நேற்று ரோஸி அக்காவைப் பார்க்கப் போனேன். கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாடலை எடுத்தது, வரி அழகு, விசாரணையில் வாய் மூடியிருந்தது, எல்லாம். அக்கா அழவில்லை. "எனுக்குத் தெரியும் தனம். அன்னிக்கு ராவே சொல்லிட்டாரு. அவளா சொல்றவரைக்கும் நீ கேக்காதன்னாரு" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாயித்துக்கெழம நீ செருப்ப கழட்டுற சத்தம் கேட்டா போதும், இன்னிக்கு சொல்லிடுவா பாருன்னு எங்கிட்ட மெதுவா சொல்லுவாரு. நீ சாப்ட்டு கெளம்பிடுவ. சரி, அடுத்த வாரம்னுவாரு."

ஆகவே இன்றைய காலைச் செய்தியில் ஒரு திருத்தம். ஏழு வருஷத்துக்கு முன் மே மாதத்தில் வந்தது ட்ராலர் இல்லை, ட்ராலர் மாடல் பயணப் படகு. மரியநாதன் சரியாகத்தான் சொன்னார், தனலட்சுமி தப்பாக எழுதினாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. எழுதிய ஒவ்வொரு வரியையும் கடலுக்குப் போகிறவன் கண்ணால் படித்துப் பார்க்கும் பயம். அதை அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்துக்கொண்டேன். மனசு ஆறாமல் இருப்பது மற்றதற்குத்தான். ஒரு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஏழு வருஷம் அந்த மனிதர் நான் பேசுவேன் என்று காத்திருந்தார். சொல்லிட்டேன் அண்ணே. கேக்கறதுக்குத்தான் நீங்க இல்ல.