கசிவு என்று எழுதினேன்

1. ஒரு சொல்

ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியே வழிந்துகொண்டிருந்தது. நான் அந்த ஏரிக்கு லஸ்கர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவது, தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது, கரையை நடந்து பார்ப்பது, இவ்வளவுதான் லஸ்கர் வேலை. எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகும் பக்கம். எட்டாவது வரை படித்தவன். திருநீறு பூசாமல் கரையில் கால் வைத்ததில்லை.

அன்று காலை செல்லமுத்து மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி அஞ்சலை எனக்கு மகள் முறை, அவன் மருமகன் முறை. கரைக்கு நேர் கீழே அவனுக்கு ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம். விதை வெங்காயம் போட்ட பட்டறைக் கொட்டகை, இரண்டு கறவை மாடு, எல்லாம் அங்கேதான்.

"மாமா, கரைக்கு அடியில தண்ணி கக்குதுங்க!"

எனக்குப் பகீரென்றது. தண்ணீருக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக. எங்கள் கரையில் கருப்பசாமி நிற்கிறார். அவர் காதில் விழ உடையுது, கக்குது என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். எப்படி வந்தாலும் 'கசியுது' என்றுதான் சொல்லுவோம்.

"வாயக் கழுவு மருமவனே. கசியுதுன்னு சொல்லு."

"சரிங்க மாமா, கசியுது. ஆனா கட்டவெரலு மொத்தத்துக்குல்ல கசியுது!" என்று சிரித்தான்.

2. வாட்ஸ்அப்

போய்ப் பார்த்தேன். கரையின் வெளிச்சரிவு முடியும் இடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கையில் ஏந்தினேன். பால் குறைந்த டீ நிறம். உள்ளங்கையில் மண் தங்கியது.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் இதைக் கேளுங்கள். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வந்தால் கண் வைத்திருந்தால் போதும். கலங்கி வந்தால் கரை தன் மண்ணையே உள்ளிருந்து கக்குகிறது. உள்ளே பொந்து விழுந்துவிட்டது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் இது எனக்குத் தெரியும். தெரிந்தும், கருப்பசாமி இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்ஜினீயர் சாருக்கு 'கரை அடியில் கசிவு உள்ளது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன் செய்தார். "கசியாத கரை எங்கய்யா இருக்கு? உடைப்பு கிடைப்பு இல்லல்ல?"

"இல்லீங்க சார். கசிவுதாங்க."

"அப்ப நாலு மணல் மூட்டைய அடுக்கி வை. நான் வேற ஏரியில நிக்கிறேன், இத முடிச்சுட்டு மத்தியானம் வரேன்."

அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதியதைத்தான் அவர் படித்தார்.

செல்லமுத்து பக்கத்திலேயே நின்றான். "மாட்ட அவுத்துட்டு மேட்டுக்குப் போயிடவா மாமா? அஞ்சல பயப்படுறா."

"கசிவுதான்டா. சாமி நிக்கிறாருல்ல. போய் வேலையப் பாரு."

"சாமிகிட்ட உங்களுக்குத்தான் செல்வாக்கு. நீங்க சொன்னா சரிங்க" என்று சொல்லிவிட்டு, அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பினான். நனைந்த விதை வெங்காயத்தைப் பிரித்துப் போடப் பட்டறைக்கு இறங்கினான்.

3. பதினோரு மணி

சாக்கில் மணல் அள்ளிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு டிராக்டர் அகலத்துக்குக் கரை அப்படியே உட்கார்ந்தது. பிறகு ஏரி வெளியே வந்தது. "செல்லமுத்து" என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கருப்பசாமி நின்ற மேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாடுகள் கட்டிய கயிற்றோடு கிடந்தன. செல்லமுத்துவை மறுநாள் சீமைக்கருவேல முள்ளுக்குள்ளிருந்து எடுத்தோம். வயலெங்கும் வெங்காயம் சிதறிக் கிடந்தது. மழை விட்டதும் சில இடத்தில் முளைக்கக்கூடச் செய்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் என் மெசேஜைப் பார்த்தார்கள். "முன்கூட்டியே தகவல் கொடுத்திருக்காரு, இவர் மேல தப்பில்ல" என்று எழுதிக்கொண்டார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

காரியம் முடிந்து அஞ்சலை வந்தாள். அழவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"சித்தப்பா, அவரு கக்குதுன்னுதான வந்து சொன்னாரு? நீங்க ஏன் மாத்துனீங்க?"

அதன் பிறகு அவள் என் வாசலுக்கு வரவில்லை.

ஓய்வு பெற்றுவிட்டேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் கரைக்குப் போய் விளக்கு வைக்கிறேன். முன்பெல்லாம் நிறைய வேண்டிக்கொள்வேன். இப்போது விளக்கை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். மனம் கசிந்து கும்பிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே என் உள்ளங்கையில் மண் ஒட்டுகிறது.

கலங்கி வந்தால் கக்குகிறது என்றே எழுதுங்கள். கரையில் நின்று உரக்கவே சொல்லுங்கள். சாமி கோபித்தால் என் பேரைச் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் அவர் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.