திரும்பி வந்த குடும்பப் படம்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் ஊருக்கு இருபத்தாறு வருடமாகத் தபால் கொடுப்பவள் வெர்னா ஹௌகன். எந்த வீட்டை விட்டு யார் போனார்கள் என்பது, முகவரி மாற்றப் படிவத்தால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

மறுபடியும் மேயர் தேர்தலுக்கு நின்ற லைல் பாக்கன், மனைவி மக்களோடு சிரிக்கும் படத்தை அட்டையில் போட்டு எல்லா வாக்காளருக்கும் அனுப்பினான். காபிக் கடையில் வெர்னாவின் வாயைப் பிடுங்கினேன்.

"அவன் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போய் மூணு மாசமாச்சாமே? உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அவ எங்க இருந்தா உனக்கென்னடி? ரெண்டு வருஷமா பாலம் உடைஞ்சு கிடக்கே, அதைப் போய் அவன்கிட்ட கேளு."

மனைவி பெயருக்கு வந்த அட்டையை வெர்னா முறைப்படி புது முகவரிக்கு அனுப்பிவைத்தாள். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அதை அவள் லைலிடம் கொடுத்தபோது நான் அவனுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தேன்.

"வெர்னா, இது குடும்ப விஷயம். வெளியே சொல்லிடாத."

"நான் எங்க சொன்னேன், லைல்? நீதானே குடும்பத்தை அச்சடிச்சு ஊருக்கே அனுப்புன."