சாமந்தி போட்ட குப்பைக் குழி

குப்பைக் குழிக்கு முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தவன் நான். அதுவும் சத்தமாக. படித்ததெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

சுனாமிக்கு அடுத்த சில வருடங்கள் அவை. கீரப்பாளையம் பக்கம் ஒரு திருச்சபைப் பயிற்சி மையத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ரசாயனமில்லாத விவசாயம் சொல்லிக்கொடுத்தேன். மண் கடவுளுடையது, நாம் குத்தகைக்காரர்கள் என்பது முதல் பாடம். மக்கிய உரம் இரண்டாவது. பாதிப் பிள்ளைகள் இந்துக்கள் என்பதால் ஊர் எங்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. நானும் சளைத்தவனில்லை, குழிப்பக்கம் ஆடு வந்து நின்றால்கூட அனுப்பியது யார் என்று யோசிப்பேன்.

சிதம்பரம் பூக்கடைகளில் விற்காமல் வாடிய சாமந்தி இலவசமாகக் கிடைத்தது. சாணத்தோடு குழியில் கொட்டி, ஜெபம் முடித்து, எல்லோரையும் இறங்கி மிதிக்கச் சொன்னேன். ஒரு பெண் மட்டும் இறங்கவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி, வீட்டில் சண்டை போட்டுப் பயிற்சிக்கு வந்தவள். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மாவும் மாமாவும் வந்தார்கள். சாவு ஊர்வலத்தில் இறைத்த பூவைப் பொறுக்கி வந்து, மந்திரம் சொல்லிப் பிள்ளைகளை மிதிக்க வைத்தேன் என்று ஊரில் பேச்சாம். கடைப் பூ, சும்மா கொடுத்தார்கள் என்றேன்.

"சும்மா எவன் சார் குடுப்பான்?" என்றார் மாமா.

கோயில் பூ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சாமி மாலையை மிதிக்க வைத்த பாவம் சேரும்.

அம்மா முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரம் எடுத்து, குழி ஓரத்தில் ஒரு செங்கல்மேல் வைத்து ஏற்றினார்.

"சாவு பூ இல்லன்னு இத அடிச்சு சத்தியம் பண்ணுங்க. இல்லன்னா இவ இன்னிக்கே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறா."

வராந்தாவில் மையத்தை நடத்தும் போதகர் நின்றிருந்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். கற்பூரம் அணைந்தது, கை கொப்பளித்தது. அதற்குப் பிறகு நான் ஜெபம் செய்யும்போதெல்லாம் போதகர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் திறந்துதான் வைத்திருந்தேன்.

பெண் திருப்பூர் போகவில்லை. என் சத்தியத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு உள்ளூரப் பெருமை. குழியைக் கிளறிக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன்.

"சத்தியத்துக்காக இல்ல சார்," என்றாள். "பொய் சொல்ற அளவுக்கு அவுருக்கு வெவரம் பத்தாதுன்னு அம்மா சொல்லிச்சி."