பத்தியின் முதுகில் ஒரு தேனீத் தாடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீரும் கையுமாக அமர்ந்து பத்திரிகையை விரித்தேன். என் பத்தி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டப்பட்ட, நீள்சதுரமான ஓட்டை. அதனூடாக எதிர்ச்சுவரின் மணிக்கூடு தெரிந்தது.

என் உள்ளம் துள்ளியது. ஏன் என்கிறீர்களா?

பத்தொன்பது ஆண்டுகளாக இப்பகுதியை எழுதிவருகிறேன். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் என்னை மறித்துக் கதைப்போர் உண்டு. என் எழுத்தைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டிவைத்திருப்போரும் உண்டு. ஆனால் என் மனைவி ஒரு வாரத்தையேனும் வெட்டி வைத்ததில்லை. வாசிப்பார், மடிப்பார், மறுநாள் அதன்மேல் முருங்கைக்கீரை ஆய்வார். அவ்வளவுதான்.

ஆகவே குசினிக்குள் விரைந்தேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்தின் கீழே, செபமாலையின் படம் இருந்தது. காது முதல் நெஞ்சு வரை உயிருள்ள தேனீக்களாலான தாடியுடன்!

“வடிவா இருக்கெல்லோ?” என்றார் மனைவி. “மற்றப் பக்கத்தில என்ன கிடந்ததெண்டு நான் பாக்கேல்லையப்பா.”

மற்றப் பக்கத்தில் நான் கிடந்தேன்.

செபமாலை யார் என்பதைச் சொல்லவேண்டும். துறைமுகப் பண்டகசாலைக் கந்தோரில் இருபத்தெட்டு ஆண்டுகள் என் எதிர்மேசையில் இருந்தவர். ஓய்வுபெற்றபின், கொட்டாஞ்சேனையிலுள்ள தம் வீட்டு மொட்டைமாடியில் மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். முந்திய வாரம், அவர்களுடைய கோயில் திருநாளையொட்டி நடந்த கார்னிவலுக்கு எங்களையும் அழைத்திருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

மேடையில் ஒரு கதிரை. வெற்று மேலுடன், மூக்குத் துவாரங்களில் பஞ்சடைத்து, கண்களை மூடி அமர்ந்திருந்தார். அவருடைய மருமகன் தேனீப் பெட்டியைத் திறந்து நெஞ்சருகே பிடித்தார். தேனீக்கள் ஏறின. கழுத்து, நாடி, கன்னம்... பழைய மின்விசிறி சுழல்வது போன்ற ஓர் இரைச்சல். கடலை விற்றவரும் கூவ மறந்து நின்றார். பத்து நிமிடம் கழித்து மனிதர் எழுந்து, நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். தாடி மொத்தமாய் வெள்ளைத் துணியில் விழுந்தது. கைதட்டலைக் கேட்கவேண்டுமே!

வெயிலுக்கு அஞ்சி வங்கிக்குக்கூட என்னை அனுப்புகின்ற என் மனைவி, முன்வரிசையில் குடையை மடக்கிவிட்டு நின்றார்.

“ஐயோ அண்ணை, குத்தேல்லையே?”

“ரெண்டு மூண்டு குத்துத்தான் தங்கச்சி. கலியாணங் கட்டினதில இதைவிடக் கூட.”

சிரித்தார். என் மனைவி கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். என் நகைச்சுவைக் கட்டுரை எதற்கும் அவர் அவ்வாறு சிரித்ததில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியைத் துணைகொண்டு தமிழ் கற்றவன். சுரும்பு, ஞிமிறு, அளி, மதுகரம் — தேனீக்கும் வண்டுக்குமான இச்சொற்களையெல்லாம் நான் அறிவேன். செபமாலை இவற்றில் ஒன்றையும் அறியார். ஆயினும் தேனீக்கள் யாரிடம் போய் அமர்ந்தன?

மேலும், எனக்கும் தாடி உண்டு! இப்பத்தியின் தலைப்புப் படத்தில் நீங்கள் வாராவாரம் காண்கின்ற, நெஞ்சளவு தாடி. யாராவது ஒருநாள் கைதட்டினீர்களா?

ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் கழிந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை சென்றேன்.

“ஐசே! என்ன இந்தப் பக்கம்?”

“எனக்கும் ஒருமுறை அந்தத் தாடியைக் கட்டிவிடும்” என்றேன்.

“உமக்கோ? ஏலாது.”

“நீர் செய்தது எனக்கு ஏலாதோ?”

“கோவிக்காதையும். உம்மட தாடிக்குள்ள பூந்தால் சிக்குப்படும். சிக்குப்பட்டால் குத்தும். வழிச்சுப்போட்டு வாரும், நாளைக்கே கட்டிவிடுறன்.”

என்னையறியாமலே தாடியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் உள்ளே சென்று, தீப்பெட்டியளவில் கம்பிவலைக் கூடொன்றைக் கொண்டுவந்தார். “இதுக்குள்ள ராணியை விட்டுத் தொண்டையில கட்டினனான். அவ்வளவு கூட்டமும் வந்தது அவவிட்ட. என்னட்டயில்லை.”

கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. எனினும் கேட்டேன்: “பிறகேன் ஐசே இந்த வயசில இந்த வேலை?”

செபமாலை தம் கன்னத்தைத் தடவினார். தேசிக்காய்த் தோல்போல் வழுவழுத்த கன்னம்.

“இதைப் பாரும். அறுபத்தெட்டு வயசு. நாலு மயிர். இருபத்தெட்டு வருஷம் முன்மேசையில உம்மட தாடியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். கந்தோர்ப் பெரியவர் வந்தாலும் குட்மோர்னிங் முதல்ல உமக்கு. பியோன் தேத்தண்ணி கொண்டுவந்தாலும் முதல்ல உமக்கு. ஒருநாளைக்கெண்டாலும் எனக்கொரு தாடி இருந்தால் எப்பிடியிருக்குமெண்டு...” முடிக்காமல் சிரித்தார்.

 அவர் தந்த தேநீரைக் குடித்தேன். ஒரு போத்தல் தேனும் தந்தார்.

திரும்பும் வழியில் என் மனம் இரங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை வேறு. பஸ் யன்னலில் தெரிந்த என் தாடியை வெள்ளவத்தை வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தத் துணிவில் நேரே குசினிக்குள் போய்க் காந்தத்தை அகற்றினேன். படத்தின் மறுபுறத்தில் என் பத்தி. பாதி வரிகள் அறுந்திருந்தாலும் தலைப்பு முழுமையாக இருந்தது: ‘பிறர் புகழ் கண்டு புழுங்காதிருத்தல்.’ ஆக, பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக என் எழுத்தும் அக்கதவில் ஏறியிருந்தது — முகம் கதவுக்கு, முதுகு உலகுக்கு!

என் பத்தி வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டிவிட்டு, ஒன்றுமறியாதவன்போல் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை பால் எடுக்கப் போனால், கதவில் மறுபடியும் செபமாலை தாடியுடன் நிற்கிறார்.

“காத்துக்குப் பிரண்டு கிடந்ததப்பா. நான் திருப்பி விட்டனான்” என்றார் மனைவி, பாணில் தேனைப் பூசியபடி.

எங்கள் குசினிக்குள் காற்று வருவதில்லை.

ஆசிரியருக்கு ஒரு பணிவான விண்ணப்பம்: இவ்வாரம் இப்பத்தியின் மறுபுறத்தில், தயவுசெய்து, டயர் விளம்பரம் ஏதாவது போடுங்கள்.