வளையல்கார அக்காவின் கவலை

“கையில் தீக்காயமா? வீக்கம் ஏறுவதற்குள் வளையலைக் கழற்று. கழற்ற முடியாவிட்டால் உடை.” பாப்பாரப்பட்டியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த கூடத்தில் நர்ஸம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் வளையல்கார அக்கா எழுந்துவிட்டார். “கட்டின புருஷன் இருக்கறவளுக்கு வளையல ஒடைக்கறதாங்க? போட்டுவுடற கையி இது. ரத்தத்த நிறுத்தச் சொல்லுங்க, மூச்சு குடுக்கச் சொல்லுங்க, செய்யறேன். இத மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க.” கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், டாக்டர் இல்லாத ஊர்களில் ஆபத்து நேரத்துக்கு உதவ, அந்தந்த வட்டாரத்துப் பெண்களையே பழக்கும் திட்டம் ஒன்று நடந்த காலம் அது. பட்டம் வாங்கிய சூட்டோடு அதில் உதவியாளனாகச் சேர்ந்திருந்த எனக்கு, மாவட்டத்தையே ஒரு மூச்சில் மாற்றிவிடும் அவசரம். அக்காவைச் சேர்த்தது என் யோசனைதான். வளையல் விற்கும் முஸ்லிம் குடும்பம். பெட்டியோடு அவர் சுற்றாத ஊர் இல்லை. எந்த வீட்டிலும் அடுப்படி வரை போவார். அவர் கைராசிக்குப் புருஷன் நீண்ட நாள் இருப்பான் என்று பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது.

கரும்பு வெட்டும் பருவத்தில் ஒருநாள் காலை, பக்கத்து ஊருக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து அலறல் கேட்டது. கொதிக்கும் பாகு தெறித்து, கொட்டகைக்காரரின் இளம் மருமகளுடைய புறங்கையில் அப்பியிருந்தது. யாரோ காயத்தில் ஊற்ற இங்க் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். அக்கா அதைத் தட்டிவிட்டு, அந்தக் கையைப் பம்புசெட்டுத் தண்ணீரில் பிடித்தார். நான் வண்டி, வண்டி என்று கத்திக்கொண்டிருந்தேன். அவரோ மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள். வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. உருவினால் வெந்த தோலும் சேர்ந்து வரும்.

“அக்கா...” என்றேன்.

“தெரியுது தம்பி, சும்மா இரு.”

மாமியாருக்கும் புரிந்துவிட்டது. “ஏய், கைய எடுடீ! எம் மவன் உசுரோட நிக்கறான், அவன் முன்னாலயே ஒடைக்கறயா?”

அந்த மகன் திகைத்துப்போய் நின்றான். “நீ அந்தப் பக்கம் திரும்பிக்க கண்ணு, நீ பாக்க வேணாம்” என்றார் அக்கா. அவன் திரும்பியதும் முந்தானையை நனைத்து வளையல்களைச் சுற்றி, ஒவ்வொன்றாக அழுத்தினார். துணிக்குள் கண்ணாடி நொறுங்கியது.

கை பிழைத்தது. வளையல் இறுகியிருந்தால் விரல்கள் தப்பியிருக்காது என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊர் ஊராக நான் அதைச் சொல்லித் திரிந்தேன். அந்த ஊரில் மட்டும் அக்காவின் பெட்டியைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. அதைக்கூடப் புரிந்துகொண்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் அக்கா விசாரித்தது பெண்ணின் கையைப் பற்றி அல்ல. “அந்தப் பையன் எப்படி இருக்கான்? காய்ச்சல் கீய்ச்சல் இல்லயே?”

எனக்கு எரிச்சலாக வந்தது. “நீங்களே இதை நம்பறீங்களாக்கா?”

“கை பொழைக்கும்னு நீங்க சொல்லிக்குடுத்தீங்க, பொழைச்சுது. அவனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு யாரு சொல்லிக்குடுத்தா? அது எம் பாடு தம்பி.”

இப்போது வேறு ஊர்களில் நானே வகுப்பெடுக்கிறேன். ‘உடை’ என்று சொல்லிவிட்டு முன்போல் சட்டென்று அடுத்த பாடத்துக்குத் தாவ முடிவதில்லை. உடைத்தவள் அதன்பின் சுமப்பதற்கு எந்தப் பாடம்?

கை ஆறி, அடுத்து வந்த பொங்கல் சந்தையில் அந்தப் பையன் மனைவியோடு அக்காவின் முன்னால் வந்து நின்றான். சுற்றியிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “நல்லாப் பாத்துக்குங்கக்கா, முழுசா இருக்கேன். இவளுக்குப் போட்டுவுடுங்க” என்றான். அக்கா அந்தத் தழும்பேறிய கையை வாங்கி, மெல்ல அமுக்கி, வளையல்களை ஏற்றினார். பாதியில் அவன் இருமினான். அக்காவின் கை அப்படியே நின்றது. பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

“சிரிக்காதடா. சளியா? எத்தன நாளா?”