மல்லாக்கத் திறக்கும் லேப்டாப்

நாத்தனாராகப் பிறந்தவளுக்கு அண்ணியிடம் குறை கண்டுபிடிப்பது பிறப்புரிமை. அந்த உரிமையை அனுபவிக்க எனக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார் என் அண்ணி. சமையல் சுமார். துணி மடிக்கவே தெரியாது. ஆனால் வாயைத் திறந்து அதைச் சொன்னோமோ போச்சு. "ஆமா, எனக்கு வராது. நீ மடிச்சிடேன்" என்று மூட்டையை நம் மடியிலேயே வைத்துவிடுவார். ஒப்புக்கொள்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவருக்கு நன்றாக வருவது ஒன்றுதான். யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும், பேசப் பேசவே தட்டச்சு செய்துவிடுவார். காது கேளாதவர்கள் டாக்டரிடமோ, பேங்குக்கோ, நேர்காணலுக்கோ போகும்போது அண்ணி கூடப் போவார். அங்கே பேசுவது எல்லாம் லேப்டாப் திரையில் எழுத்தாக ஓடும். அவர்கள் படித்துவிட்டுப் பதில் சொல்வார்கள். அதுதான் அவருடைய தொழில்.

அந்த லேப்டாப்பை அவர் திறக்கும் அழகு தனி. ஊரில் எல்லோரும் புத்தகத்தைப் போலத் திறப்பார்கள். அண்ணி மூடியை முழுக்கப் பின்னால் சாய்த்து, பாய் விரிப்பது போல மேஜை மேல் விரித்துவிடுவார். பிறகு ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்துவார், எழுத்தெல்லாம் தலைகீழாகிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது நேராகத் தெரியும். "எதிர்ல உக்காந்தாத்தான் அவங்க மூஞ்சி தெரியும். புரியலன்னா புருவம் சொல்லிடும், நான் வேகத்தைக் குறைச்சுக்குவேன்" என்பார். திரையைப் பார்க்காமலேயே அடிக்கிறவருக்கு அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

இப்படி வருஷக்கணக்காக மல்லாக்க விரித்தால் எந்தக் கீல்தான் தாங்கும்? ஒரு திங்கட்கிழமை காலை 'படக்' என்று சத்தம் வந்தது. இடது மூலையில் மேல்கூடு பிளந்து, உள்ளே இருந்த ஒயர் வெளியே எட்டிப் பார்த்தது. மூடி நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை, தொங்கியது.

என் அண்ணன் உடனே பசை டியூபோடு வந்துவிட்டான். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். ஆனால் அவன் ஒட்டிய எதுவும் மறுநாள் வரை ஒட்டியிருந்ததில்லை. "ஒரு சொட்டு போதும்" என்றான். அண்ணி லேப்டாப்பைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்துவிட்டு, "நீங்க வேணும்னா உங்க செருப்பை ஒட்டுங்க" என்றார்.

புதன்கிழமை அண்ணிக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. ஓர் ஆலையில் இரைச்சல் போடும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று நின்றே காது போன ஒருவர். நடுவயதில் போனதால் பேச்சு மட்டும் இருந்தது. இனி அவரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விட முடியாது, எச்சரிக்கை மணி கேட்காது என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சாமான் கிடங்கில் வேலை கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று புதன்கிழமை அவரை உட்காரவைத்துப் பேசி முடிவெடுப்பதாக ஏற்பாடு. அவருக்காகத் தொழிற்சங்கம் அண்ணியை அமர்த்தியிருந்தது. அந்த மனிதருக்கு மூத்த பெண் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேலை போனால் அவள் படிப்பும் போகும்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி குளிரில் விறைக்க வைத்துவிட்டு, கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "வாரண்டி முடிஞ்சிடுச்சு மேடம். முடியலன்னாலும், உடைஞ்சா வாரண்டி கிடையாது."

"அப்புறம் அது எதுக்கு இருந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

அண்ணி என் காலை மிதித்தார். மேல்பாகத்தை மொத்தமாக மாற்ற வேண்டும், பொருள் வர இரண்டு வாரம் ஆகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றாள் அந்தப் பெண். சுவரில் புதியவை வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. அண்ணி ஒவ்வொன்றையும் திறந்து பின்னால் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுகூட முழுக்கப் படுக்கவில்லை. "இதெல்லாம் வளையாத ஜாதி. வா போகலாம்" என்றார்.

நகலெடுக்கும் கடைக்கு மேல் மாடியில் ஒரு ரிப்பேர்காரர் இருந்தார். படி முழுக்கப் பழைய பிரின்டர்கள். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும் மனிதர். விளக்கைக் கீழே இழுத்து, திருகுகளைக் கழற்றி, கூட்டைப் பிரித்துக் காட்டினார். திருகு பிடிக்கும் சின்னப் பித்தளைக் குமிழ்கள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்திருந்தன.

"கீல் இறுகிப்போச்சுங்க. திறக்கறப்பல்லாம் பிளாஸ்டிக்கைப் புடிச்சு இழுத்திருக்கு. எதையும் மாத்த வேணாம். குமிழை எபாக்ஸி பசை வச்சு உக்கார வச்சு, ஒரு தகடு குடுத்தா கல்லு மாதிரி நிக்கும். ஆமா, இதை எப்படித் திறப்பீங்க?"

அண்ணி இரண்டு உள்ளங்கைகளையும் மேஜை மேல் விரித்துக் காட்டினார். ரிப்பேர்காரர் ஏதோ கொடுமையைக் கேட்டவர் மாதிரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இது லேப்டாப்புங்க. திறக்கலாம், மல்லாத்தக் கூடாது."

"எனக்கு மல்லாத்தணும். அதான் வேலையே."

"சரி, விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை ரிப்பேர்காரரிடமிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கினோம். பிளந்த இடம் கருப்பாகத் தழும்பு போலத் தெரிந்தது, ஆனால் அசையவில்லை. "நாளைக்குக் காலை வரைக்கும் சாய்க்காதீங்க, ஒட்டினது காயட்டும்" என்றார். அண்ணியும் சாய்க்கவில்லை. எப்படி இருக்குமோ என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். "அவரே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரே" என்று அண்ணி நிம்மதியாகத் தூங்கப் போனார்.

புதன்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீள மேஜை. ஒரு பக்கம் மேலாளரும் இரண்டு அதிகாரிகளும். மறுபக்கம் அந்த மனிதர் மட்டும், தேய்த்த சட்டையில், முழங்கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு. நான் கதவருகே உட்கார்ந்தேன். அண்ணி வழக்கம்போல அதிகாரிகள் பக்கம் அமர்ந்து, லேப்டாப்பைத் திறந்து, மூடியைப் பின்னால் சாய்த்தார். அது பாதியிலேயே நின்றுவிட்டது. மெல்ல அழுத்தினார். அசைய மறுத்தது. மறுநாள் போய்க் கேட்டபோது ரிப்பேர்காரர் பெருமையோடுதான் சொன்னார்: "மல்லாத்தினா ஆயுசு கெட்டுடும்னு நானே ஒரு தடுப்பு வச்சேன். உங்க நல்லதுக்குத்தான்."

திரை அண்ணியைப் பார்த்து நின்றது. படிக்க வேண்டியவர் எதிரே இருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் மேலாளர்.

"ஒரு நிமிஷம் சார்" என்ற அண்ணி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போனார். ஒரு நாற்காலியை இழுத்து, அந்த மனிதருக்குத் தோளோடு தோளாக உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரை இருவருக்கும் பொதுவாக நின்றது.

கேள்விகள் ஆரம்பித்தன. அவர் படித்தார், பதில் சொன்னார். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மேலாளர் பக்கத்து அதிகாரியிடம் சாய்ந்து, குரலைத் தணித்து ஏதோ சொன்னார். அண்ணி பழையபடி பக்கத்திலேயே இருந்திருந்தால் மேலாளரும் வாயை அடக்கியிருப்பார். மேஜைக்கு அப்பால் போய்விட்டாரே, கேட்காது என்று நினைத்துவிட்டார். பாவம், அவர் எங்கள் வீட்டில் வாழ்ந்ததில்லை; அடுக்களையில் முணுமுணுத்தாலும் அண்ணிக்குக் கேட்டுவிடும்.

அண்ணியின் விரல்கள் நிற்கவில்லை.

அந்த மனிதர் திரையைப் படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு நிமிர்ந்து, "சார், கிடங்குல போன் வந்தா யார் எடுக்கறதுன்னு கேக்கறீங்க. பேசாம அனுப்பிடலாம்னு சொல்றீங்க" என்றார்.

மேலாளர் முகம் சிவந்து அண்ணியிடம் திரும்பினார். "அது எங்களுக்குள்ள பேசினதும்மா. அதை ஏன் அடிச்சீங்க?"

"ரூம்ல பேசறதை எல்லாம் அடிக்கணும் சார். இவருக்குக் காது கேட்டிருந்தா கேட்டிருக்கும்ல" என்றார் அண்ணி. மேலாளர் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சேர்த்தே அடித்தார்.

அதையும் படித்துவிட்டு அந்த மனிதர் சிரித்தார். "என்னைப் பத்தின விஷயம் சார், எங்கிட்டயே கேளுங்க. கிடங்குல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, போனை அவங்க எடுக்கட்டும். எனக்கு எழுதிக் குடுங்க, நான் சாமானை எடுத்துக் குடுக்கறேன். எத்தனையோ வருஷமா இந்த ஆலையில எழுதி வச்ச ஆர்டரைப் பாத்துத்தானே மிஷினை ஓட்டினேன். யாரும் பாட்டாப் பாடிச் சொல்லலியே."

ஓர் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளர் அண்ணியையும் திரையையும் விட்டுவிட்டு, முதல் தடவையாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். "மன்னிச்சுக்கோங்க. கிடங்குக்கு எப்ப வர்றீங்க?"

அந்த வரி திரையில் வருவதற்கு முன்பே அந்த மனிதர் எழுந்துவிட்டார். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

வெளியே நடைபாதையில் அண்ணியின் முன் கைகூப்பி நின்றார். வேலை கிடைத்ததற்குத்தான் நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"காது போனதுலேர்ந்து எல்லாரும் என் கண்ணு முன்னாடியே என்னைப் பத்திப் பேசுவாங்கம்மா" என்றார். "இன்னிக்குத்தான் எனக்குக் கேட்டுச்சு."

அண்ணி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.